வாசகர் கேள்வி பதில்: கத்தரி வைப்பதற்கு முன்னால்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் துணித் தொழில் பற்றியவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: எனக்கு நாற்பது வயது நெருங்குகிறது. இத்தனை வருடமும் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிற வேலை. பெண்களுக்கான காட்டன் சட்டைகளைச் சொந்த பிராண்டில் விற்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. தையலும் தெரியாது, துணி பற்றியும் தெரியாது. ஒரு வருட ஃபேஷன் படிப்பில் சேர்ந்துவிட்டு ஆரம்பிப்பதா, ஆரம்பித்துவிட்டுக் கற்றுக்கொள்வதா? வீட்டில் எல்லோரும் "தெரியாத தொழிலில் காலை விடாதே" என்கிறார்கள்.

ஆரம்பித்துவிட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஆரம்பிப்பது என்றால் ஐந்நூறு சட்டைக்கு ஆர்டர் கொடுப்பது என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். நிறைய பேர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் வீட்டில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

இந்தத் தொழிலில் கட்டிங் மேசைதான் எல்லைக்கோடு. அதற்கு முன்னால் நடக்கிற தப்பு எல்லாமே மலிவு. பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான காகித அச்சு, தப்பா, இன்னொரு காகிதம் எடுத்து வரையலாம். சாம்பிள் சரியில்லையா, இன்னொன்று தைக்கலாம். துணியை அடுக்கடுக்காக விரித்து மெஷின் கத்தியை ஓட்டிவிட்டால் கதையே வேறு. கை சுற்றளவு 2 செ.மீ. குறைவு என்று அதற்கப்புறம் தெரிந்தால், அந்த லாட் (ஒரே தடவையில் வெட்டித் தைக்கிற சரக்கு) முழுவதும் 2 செ.மீ. குறைவுதான், கடவுளே வந்தாலும் ஒட்ட வைக்க முடியாது. ஆகவே தெரியாதவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எத்தனை தப்பு பண்ண வேண்டுமோ அத்தனையையும் கோட்டுக்கு இந்தப் பக்கமே பண்ணித் தீர்த்துவிடுவது.

முதல் பாடத்துக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற, பழசான ஒரு சட்டையை எடுங்கள். தையல் பிரிக்கிற சின்ன ஊசிக் கத்தி கிடைக்கும், அதை வைத்து ஒவ்வொரு தையலாகப் பிரியுங்கள். பிரிக்கும்போதே போனில் படம் எடுத்துக்கொண்டே போங்கள், ஏனென்றால் பிரித்த வரிசையைத் தலைகீழாகப் படித்தால் கிட்டத்தட்ட அதுதான் தைத்த வரிசை. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம், தோளில் இரட்டையாக வைத்த யோக், இரண்டு கை, கஃப்கள், காலர், காலருக்குக் கீழே கழுத்தைச் சுற்றி நிற்கிற பட்டி, அந்தக் காலருக்குள்ளே விறைப்புக்காக ஒட்டியிருக்கிற கேன்வாஸ், கையில் பட்டன் வருகிற இடத்துச் சின்னப் பட்டிகள். ஒரு சாதாரண சட்டைக்குள் இவ்வளவு துண்டா என்று மலைப்பாக இருக்கும். தையற்காரர் ஏன் டி-சர்ட்டுக்கு ஒரு கூலியும் சட்டைக்கு ஒரு கூலியும் கேட்கிறார் என்பது அன்றைக்குப் புரிந்துவிடும்.

எல்லாத் துண்டையும் இஸ்திரி போட்டுத் தரையில் பரப்பி வைத்துவிட்டு, கையின் மேல் வளைவை டேப்பால் அளந்து பாருங்கள். அது போய்ச் சேர வேண்டிய தோள் வளைவையும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் கை வளைவு கொஞ்சம் நீளமாக இருக்கும். அந்தக் கூடுதலைச் சுருக்கம் தெரியாமல் உள்வாங்கித் தைப்பதில்தான் தோளில் உருண்டை வருகிறது. அடுத்து துணியைப் பாவு வாக்கில், அதாவது நீள நூல் போகிற பக்கம் இழுங்கள், ஊடை வாக்கில், அதாவது அகல நூல் போகிற பக்கம் இழுங்கள், அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக இழுங்கள். குறுக்கே இழுத்தால் ரப்பர் மாதிரி கொடுக்கும். கட்டிங் மாஸ்டர் துணியை மிச்சம் பிடிக்கப் பேட்டர்னைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால், சட்டை துவைத்த பிறகு ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். இதைப் புத்தகத்தில் படித்தால் நாலே நாளில் மறந்துவிடும், கையால் இழுத்துப் பார்த்தால் மறக்காது.

இரண்டாவது பாடம் துணி. வாங்க நினைக்கிற துணியில் ஒரு மீட்டர் மட்டும் வாங்கி, நடுவில் 50 செ.மீ.க்கு 50 செ.மீ. சதுரம் ஒன்றை அழியாத பேனாவால் வரைந்து, உங்கள் வாடிக்கையாளர் எப்படித் துவைப்பாரோ அப்படியே துவைத்துக் காயப் போடுங்கள். நீங்கள் பொத்திப் பொத்தித் துவைத்தால் சோதனைக்கே அர்த்தமில்லை. காய்ந்ததும் அளவு 48 ஆகியிருந்தால் 4 சதவீதச் சுருக்கம். 70 செ.மீ. நீளச் சட்டையில் அது கிட்டத்தட்ட 3 செ.மீ., இடுப்புக்குக் கீழே நின்ற சட்டை இடுப்புக்கு மேலே ஏறிவிடும். நீளவாக்கில் ஒரு மாதிரியும் அகலவாக்கில் ஒரு மாதிரியும் சுருங்கும், இரண்டையும் எழுதி வையுங்கள். ஒரு துவையலோடு நிறுத்தாதீர்கள், சில துணிகள் மூன்றாவது துவையல் வரைக்கும் சுருங்கிக்கொண்டே இருக்கும். சாயம் போகிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கி இந்தத் துணிமேல் அழுத்தி பத்து முறை தேயுங்கள், சோதனைக்கூடத்தில் மெஷின் செய்வதும் ஏறக்குறைய அதுதான். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள், கடைக்காரர் "முதல் தண்ணியில் மட்டும்தான் போகும்" என்று எவ்வளவு சத்தியம் செய்தாலும் சரி.

ஜிஎஸ்எம் என்று ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. டி-சர்ட் துணி பெரும்பாலும் 140-லிருந்து 180-க்குள் வரும், சட்டைத் துணி அதைவிட லேசு. அதற்காக ஜிஎஸ்எம் கூடினால் தரம் கூடியது என்று நினைத்துவிடாதீர்கள். கனம் மட்டும்தான் அதில் தெரியும், நூல் நல்ல நூலா என்பது தெரியாது.

உங்கள் வீட்டாரிடம் சொல்வதற்கு ஒரு ஆள் இருக்கிறார். பெண்கள் உள்ளாடை செய்கிற ஸ்பேங்ஸ் நிறுவனத்தை 2000-இல் ஆரம்பித்த சாரா பிளேக்லி அதற்கு முன்னால் ஃபேக்ஸ் மெஷின் விற்றுக்கொண்டிருந்தவர். கையில் இருந்தது 5,000 டாலர் சேமிப்பு. உள்ளாடைத் தொழிலில் யாரையும் தெரியாது, போன ஆலைகள் எல்லாம் முதலில் முடியாது என்றே சொல்லின. கடைசியில் ஒரு ஆலை சம்மதித்த பிறகு அங்கே போய்ப் பார்த்தால், எல்லா சைஸுக்கும் ஒரே அளவு இடுப்புப் பட்டிதான் வைக்கிறார்கள், போட்டுப் பார்ப்பதும் பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு என்று தெரிந்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நிஜப் பெண்களுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். தொழிலுக்குள் ஊறியவர்கள் கேட்பதை நிறுத்திவிட்ட கேள்வி அது. உங்களுக்கும் அப்படி ஏதாவது கண்ணில் படும், "இதெல்லாம் இப்படித்தான் மேடம்" என்று யாராவது சொல்கிற இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள்.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். மலையேறுபவர்களுக்கான கருவிகளைத் தன் கையாலேயே அடித்துச் செய்தவர் இவான் ஷுனார். 1970-களில் பேட்டகோனியா என்ற பெயரில் துணிக்குள் வந்தார். இரும்பில் அவருக்குத் தெரியாதது இல்லை, துணியில் அனுபவம் இல்லை. 1974-இல் ஹாங்காங் ஆலை ஒன்றில் மாதம் 3,000 ரக்பி சட்டை என்று ஒப்பந்தம் போட்டார்கள். சரக்கு தாமதமாக வந்தது, தையல் மோசம், துவைத்தால் சுருங்கியது, அடக்க விலைக்கும் கீழே தள்ளிவிட வேண்டிய நிலை, கம்பெனியே ஆடிப்போனது. புத்திசாலிகள், உழைப்பாளிகள், ஏற்கெனவே தொழில் நடத்துபவர்கள். அவர்களுக்கே அப்படி. மாதம் 3,000 என்ற எண்ணிக்கையை 30 என்று வைத்துப் பாருங்கள், அதே தப்பு எல்லாம் நடந்திருந்தாலும் ஒரு அலமாரியோடு போயிருக்கும்.

படிப்பு வேண்டவே வேண்டாமா என்றால், பேட்டர்ன் போடுவது பற்றி மட்டும் ஒரு குறுகிய வகுப்பு கிடைத்தால் சேருங்கள். நீங்களே போடுவதற்காக இல்லை, பேட்டர்ன் மாஸ்டரிடம் பேசுவதற்காக. மற்றபடி ஒரு வருடம் ஸ்கெட்ச் போட்டுப் பழகுவதற்குப் பணம் கட்டாதீர்கள். வேறு யாராவது இதற்கு எதிர்மாறாகச் சொல்லக்கூடும், என் கருத்து இதுதான்.

கேள்வி: நான்கு சாம்பிள் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் தையல் யூனிட்டுக்கு ஆர்டர் கொடுத்தேன். வந்த சரக்கில் மார்பு அளவு ஒன்றுக்கொன்று வேறு, நிறம்கூட இரண்டு ஷேடில் இருக்கிறது. கேட்டால் "சின்ன ஆர்டருக்கு இவ்வளவுதான்" என்கிறார்கள். புதியவர் என்பதால் ஏமாற்றுகிறார்களா?

கொஞ்சம் அலட்சியம் இருக்கலாம். ஆனால் எழுதிக் கொடுக்காதது பெரிய காரணமாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அளவுத் தாள் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மார்பு 100 செ.மீ." என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். எங்கே டேப் வைத்து 100? அக்குள் மூலையிலா, அதற்கு 2.5 செ.மீ. கீழேயா? பட்டன் போட்டா, போடாமலா? இழுத்துப் பிடித்தா, தளர விட்டா? அவர் அளந்த இடம் வேறு, நீங்கள் அளந்த இடம் வேறு என்றால் இரண்டு பேர் சொல்வதும் சரிதான். சட்டையை வரைந்து, ஒவ்வொரு அளவுக்கும் அம்புக்குறி போட்டு, எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்றும் எழுதுங்கள். மார்புக்கு 1 செ.மீ. முன்னே பின்னே, காலருக்கு அரை செ.மீ. என்கிற மாதிரி. கூடுதல் குறைச்சலே கூடாது என்று எழுதினால் யாரும் எடுத்துச் செய்ய மாட்டார்கள், துணி என்ன தகரமா.

ஓகே சொன்ன சாம்பிளில் ஒன்றை அவரிடமும் ஒன்றை உங்களிடமும் வையுங்கள், இரண்டிலும் சீட்டு கட்டித் தேதி போட்டு இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பிரச்சினை வந்தால் வாயால் சண்டை போட வேண்டியதில்லை, இரண்டையும் மேசையில் வைத்தால் போதும். இன்னொன்று, நீங்கள் பார்த்த நான்கும் எந்த சைஸ்? எல்லாம் எம் என்றால் எக்ஸ்எல் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியவே வாய்ப்பில்லை. கட்டிங்குக்கு முன்னால் ஒவ்வொரு சைஸிலும் ஒன்று தைத்து, அந்த உடம்பு உள்ள ஒருவருக்குப் போட்டு, கையைத் தூக்கச் சொல்லி, உட்காரச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இரண்டு ஷேடு விஷயம் வேறு. ஒரே நிறம் என்று வாங்கினாலும் ஒவ்வொரு சாயத் தொட்டியிலும் ஒரு மயிரிழை வித்தியாசம் வரும். ரோலில் லாட் நம்பர் பார்த்து வாங்க வேண்டும். கலந்து வந்துவிட்டால் ரோல் வாரியாகப் பிரித்து வெட்ட வேண்டும், வெட்டிய துண்டுகளிலும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ரோலின் கை இன்னொரு ரோலின் உடம்போடு சேர்ந்துவிடும், குழல் விளக்கில் தெரியாது, வெயிலில் நின்றால் தெரியும்.

சின்ன ஆர்டர் பற்றி அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. புது மாடல் ஒன்றை லைனில் ஏற்றினால் மெஷினில் நூல் மாற்ற வேண்டும், ஆட்களை வரிசை மாற்றி உட்கார வைக்க வேண்டும், கை பழகும் வரை வேலை மெதுவாகத்தான் போகும். கை பழகி வேகம் பிடிக்கிற நேரத்தில் உங்கள் ஆர்டர் முடிந்துவிடும். அதனால் பீஸ் ரேட்டில் பேரம் பேசாதீர்கள், கூடுதலாகவே கொடுங்கள், பதிலுக்கு அளவைக் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிடாதீர்கள், கடைசித் தவணை செக்கிங் முடிந்த பிறகு.

செக்கிங் என்றால், நூற்றுக்குள் இருக்கிற லாட் என்றால் ஒவ்வொன்றையும் பாருங்கள், வேறு வழி தேடாதீர்கள். பெரிய லாட்டுக்கு ஏக்யூஎல், அதாவது எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற எல்லை, என்று ஒரு அட்டவணை இருக்கிறது, ஐஎஸ்ஓ 2859 என்ற தரக் குறிப்பில் வருவது. துணித் தொழிலில் பெரிய குறைகளுக்குப் பரவலாக 2.5 என்ற அளவை வைப்பார்கள். 500 பீஸ் இருந்தால் கலந்து 50 எடுக்க வேண்டும், அதில் குறையுள்ளவை 3 வரை இருந்தால் ஏற்கலாம், 4 வந்துவிட்டால் லாட்டையே திருப்பலாம். இதை ஆர்டர் தாளிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: வேலையை விட்டுவிட்டு முழு மூச்சாக இறங்கினால்தானே கற்றுக்கொள்ள முடியும்?

வேண்டாம். சாம்பிளுக்குக் காத்திருப்பது, துணிக்குக் காத்திருப்பது, பட்டனுக்குக் காத்திருப்பது என்று இந்தத் தொழிலின் ஆரம்ப மாதங்கள் முக்கால்வாசி காத்திருப்புதான். அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டே செய்யலாம்.

கேள்வி: ரெடிமேட் டி-சர்ட் வாங்கி அதில் டிசைன் பிரிண்ட் போட்டு விற்கிறேன். இதெல்லாம் ஒரு துணித் தொழிலா என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

கிண்டல் செய்கிறவர்கள் எத்தனை டி-சர்ட் விற்றிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பேட்டர்ன், கட்டிங், தையல் எல்லாத் தலைவலியையும் வேறு ஒருவர் தலையில் வைத்துவிட்டு, விற்கிற பாடத்தை முதலில் படிக்கிறீர்கள். நல்ல வழிதான். எந்த சைஸ் முதலில் தீர்கிறது, எந்த நிறம் தேங்குகிறது என்ற கணக்கு உங்கள் கையில் இருக்கும், பின்னால் சொந்தமாகத் தைக்கும்போது அதுதான் முதலீடு. பிரிண்டில் மட்டும் கவனம் வையுங்கள். பிளாஸ்டிசால் மை, அதாவது சூடேற்றினால்தான் இறுகுகிற பிளாஸ்டிக் மை என்றால் மைப்படலம் முழுவதும் சுமார் 160 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும், மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று எடுத்தால் சில துவையலில் வெடித்து உதிரும். ஒவ்வொரு புது டிசைனிலும் ஒன்றை நீங்களே போட்டுத் துவைத்துப் போட்டுத் துவைத்துப் பாருங்கள்.

கேள்வி: குழந்தைகள் உடை ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன். துணி கம்மியாகச் செலவாகும், கற்றுக்கொள்ள எளிது என்கிறார்கள்.

துணி கம்மிதான். எளிது என்று யார் சொன்னது? பெரியவர் சட்டையில் இருக்கிற காலர், கை, பட்டன் எல்லாம் இதிலும் இருக்கிறது, இடம்தான் குறைவு, வளைவெல்லாம் சின்னது, அதனால் தைக்கக் கஷ்டம். கூலி குறையாது. கூடவே பொறுப்பு அதிகம். உடையோடு சேர்த்துத் தைக்கிற தலைத் தொப்பியிலும் கழுத்திலும் இழுத்துக் கட்டுகிற கயிறு வைக்கவே வைக்காதீர்கள், அழகுக்குக்கூட. சறுக்கு மரத்திலோ வண்டிக் கதவிலோ மாட்டிக்கொண்டு குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1996-லேயே இது பற்றி வழிகாட்டுதல் வந்துவிட்டது, ஐரோப்பாவில் ஈஎன் 14682 என்ற தரக் குறிப்பு 7 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கழுத்துப் பகுதியில் கயிறே கூடாது என்கிறது. பட்டனைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள், வாயில் போடுகிற வயது. தைக்கும் இடத்தில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்துச் சேர்த்து ஒட்டி வைக்கிற பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். "அதெல்லாம் எங்கே தேடுவது" என்று சிரித்தால் வேறு யூனிட் பாருங்கள்.

கேள்வி: என் அடக்க விலையைப் போல இரண்டு மடங்கு வைத்து விற்கிறேன். விலை அதிகம் என்று எல்லோரும் சொல்வதால் 25 சதவீதம் தள்ளுபடி கொடுத்தேன், நன்றாக விற்றது, ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கே போனது?

அடக்கம் 100 என்றால் விலை 200. 25 சதவீதம் குறைத்தால் 150. விலையில் கால்வாசி போனது, லாபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியில்தான் அனுப்பும் செலவு, பை, லேபிள், திரும்பி வந்தது, விற்காமல் நிற்பது எல்லாம். உங்கள் 100-க்குள் எதை எல்லாம் சேர்த்தீர்கள் என்று எழுதவில்லை. துணியும் கூலியும் மட்டும் சேர்த்திருந்தால் அது அடக்க விலையே இல்லை. கட்டிங்கில் வீணான துணி, காஜா பட்டன் கூலி, சாம்பிள் செலவு, உங்கள் அலைச்சல், இவற்றையும் லாட்டில் உள்ள பீஸ் எண்ணிக்கையால் வகுத்துச் சேருங்கள்.

எல்லா சைஸிலும் சம எண்ணிக்கை தைப்பதுகூட லாபத்தைத் தின்னும். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்றால் 1, 2, 2, 1 என்ற விகிதத்தில் ஆரம்பிப்பது வழக்கம், முதல் லாட் விற்ற கணக்கைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வாடிக்கையாளர்களுக்கு எக்ஸ்எல்தான் அதிகம் தேவை என்று வந்தால் வழக்கத்தைத் தூக்கிப் போடுங்கள்.

விலை அதிகம் என்று சொல்பவர்கள் வாங்குகிறவர்களா, சும்மா சொல்கிறவர்களா என்றும் பாருங்கள். சொந்தக்காரர்கள் சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

கேள்வி: அளவு சரியில்லை என்று திரும்பி வந்த உடைகள் ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. மனசே விட்டுப்போகிறது. மொத்தமாகக் கழித்துக் கட்டிவிடலாமா?

கழிப்பதற்கு முன்னால் மூட்டையைப் பிரித்து சைஸ் வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் அளவுத் தாளோடு வைத்து அளந்து, திருப்பியவர் சொன்ன காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். தைத்த அளவு தாளில் உள்ளபடி இல்லை என்றால் யூனிட்டின் தப்பு, அடுத்த லாட்டில் செக்கிங்கை இறுக்குங்கள். அளவு சரியாக இருந்தும் "கை இறுக்கம்" என்று எல்-உம் எக்ஸ்எல்-உம் மட்டுமே திரும்பியிருந்தால் கோளாறு பேட்டர்னில். எம்-ஐ அப்படியே எல்லாப் பக்கமும் பெரிதாக்கியிருப்பார்கள், மேல்கைக்கு உடம்பின் வளர்ச்சி அப்படிப் போவதில்லை. பேட்டர்ன் மாஸ்டரிடம் மேல்கைச் சுற்றளவை மட்டும் கூட்டித் தரச் சொல்லி அந்த இரண்டு சைஸில் சாம்பிள் தைத்துப் பாருங்கள். எல்லா சைஸும் எல்லாக் காரணத்துக்கும் திரும்பியிருக்கிறதா, அப்படியானால் விற்கிற இடத்தில் போட்டிருக்கிற அளவு அட்டவணையைப் பாருங்கள். உடம்பின் அளவா, உடையின் அளவா என்று சொல்லாமல் "மார்பு 100" என்று மட்டும் போட்டிருந்தால், 100 செ.மீ. உடம்புக்காரர் அதைத்தான் வாங்குவார், மூச்சு விட இடமிருக்காது. உடையை மேசையில் விரித்து அளந்த அளவு என்று படத்தோடு போட்டுவிட்டு, இப்போது இருக்கிற சரக்கையே மறுபடி விற்கப் போட்டுப் பாருங்கள்.